மதுரை வட்டாரத்தின் சூப்பர் மார்க்கெட் வரலாற்றை முகவரி முகவரியாக எழுதுவது எப்படி

மதுரையில் பைபாஸ் ரோடு, கே.கே. நகர், அய்யர் பங்களா, திருநகர் போன்ற பகுதிகளில் நடந்து பார்த்தால், இருபது ஆண்டுகளுக்குள் இரண்டு மூன்று சூப்பர் மார்க்கெட்டுகளின் பெயர்ப் பலகைகள் ஏறி இறங்கிய கட்டடங்களைக் காணலாம். பழைய பலகையின் துளைகள் புதுப் பலகையின் ஓரத்தில் இன்னும் தெரியும். எந்தக் கடை எப்போது வந்தது, எப்போது போனது, அதன் இடத்தில் யார் வந்தார்கள், ஏன் அந்த இடத்தை விட்டு இன்னோர் இடத்துக்கு நகர்ந்தார்கள் என்பதை ஒழுங்காக எழுதி வைத்தால், நகரம் எந்தத் திசையில் வளர்ந்தது என்பதற்கும், மாதச் சாமான் வாங்கும் பழக்கம் எப்படி மாறியது என்பதற்கும் அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அந்த வேலையை ஒரு தனியாளோ, கல்லூரி மாணவர்கள் நான்கைந்து பேரோ எப்படிச் செய்யலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் எல்லையை முடிவு செய்ய வேண்டும். மாநகராட்சி எல்லையை அப்படியே எடுத்துக்கொள்வது எளிதாகத் தோன்றும். ஆனால் அந்த எல்லையே மாறியது. 72 வார்டுகளாக இருந்த மாநகராட்சி 2011-இல் 100 வார்டுகளாக விரிந்தபோது ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் ஆகிய நகராட்சிகளும், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி ஆகிய பேரூராட்சிகளும், பல ஊராட்சிகளும் உள்ளே வந்தன. பரப்பளவு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. 2010-இல் திருநகரில் இருந்த கடையை ‘நகருக்கு வெளியே’ என்றும், 2012-இல் அதே கடையை ‘நகருக்குள்’ என்றும் எழுதினால், கடைகள் திடீரென்று பெருகிவிட்டதுபோல் கணக்குக் காட்டும். ஆகவே தொடக்கத்திலிருந்து கடைசிவரை மாறாத ஒரு கோட்டை வரைந்துகொள்ளுங்கள். வடக்கே செட்டிகுளம், வடகிழக்கே ஒத்தக்கடை, கிழக்கே சிலைமான், தெற்கே திருப்பரங்குன்றமும் திருநகரும், மேற்கே நாகமலை புதுக்கோட்டை, வடமேற்கே சமயநல்லூர் என்று ஒரு வளையம் வைத்துக்கொண்டால் பெரும்பாலான போட்டி அதற்குள் அடங்கிவிடும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான், வாடிப்பட்டி ஆகியவற்றைத் தனித்தனிச் சந்தைகளாகப் பாவித்து, வேறு ஏட்டில் எழுதுவது நல்லது. அந்த ஊர்களுக்கு ஒரு பெரிய நிறுவனம் முதல்முறையாகப் போகும் ஆண்டு தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி.

பெயரைத் தொடராமல் இடத்தைத் தொடருங்கள்

இந்த வேலையில் பெரும்பாலோர் ஒரு நிறுவனத்தின் பெயரை எடுத்துக்கொண்டு அதன் கிளைகளைப் பட்டியலிடத் தொடங்குவார்கள். அது பாதி வழியில் நின்றுவிடும். நிறுவனம் மூடப்பட்டால் அதன் இணையதளமும் போய்விடுகிறது. கிளைப் பட்டியலும் அதோடு போகிறது. கட்டடம் அங்கேயே இருக்கிறது. அதனால் ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு முகவரிக்கு ஒதுக்கி, அந்த முகவரியில் அடுத்தடுத்து வந்தவர்களை மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டு போங்கள். சாலையின் எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன நிறுத்தம், எத்தனை ஷட்டர், மாடி உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா, சரக்கு இறக்கப் பின்வழி உண்டா என்பனவற்றையும் அதே பக்கத்தில் குறியுங்கள். பல பக்கங்கள் சேர்ந்த பிறகு, பின்வழியும் வண்டி நிறுத்தமும் உள்ள இடம் ஒருவர் காலி செய்தவுடன் இன்னொரு சூப்பர் மார்க்கெட்டாகவே மாறுகிறதா, அவை இல்லாத இடம் ஜவுளிக்கோ மருந்துக்கோ வங்கிக்கோ போய்விடுகிறதா என்று உங்கள் ஏடே சொல்லும். போட்டியின் பெரும்பகுதி இத்தகைய நல்ல இடங்களைப் பிடிப்பதற்காகவே நடக்கிறது என்பது என் துணிபு.

மாசி வீதிகளுக்குள் பெரிய நிறுவனங்கள் பெரிய அளவில் காலூன்றாததையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் புரிந்துகொள்ள முடியும். தேரோடும் வீதிகளின் இருபுறமும் நெருக்கமான கட்டடங்கள். அகன்ற தரைத்தளமும் வண்டி நிறுத்தமும் ஒரே இடத்தில் கிடைப்பது கடினம். மேலும் கீழமாசி வீதியின் மொத்த வியாபாரம் வேறொரு தேவைக்கானது; சுற்று வட்டாரக் கிராமங்களின் பலசரக்குக் கடைக்காரர்கள் மூட்டைக் கணக்கில் பருப்பும் வற்றலும் வாங்குகிற இடம் அது. வைகைக்கு வடகரையிலும் மேற்கே பைபாஸ் ரோட்டிலும் சூப்பர் மார்க்கெட்டுகள் வரிசையாக அமைந்ததைக் கீழமாசி வீதியின் வீழ்ச்சி என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கானவை.

பெரிய நிறுவனங்களின் காலவரிசையைக் கையில் வைத்திருங்கள்

ஒவ்வொரு முகவரியிலும் எந்த ஆண்டைப் பற்றி எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிய வேண்டுமானால், தமிழ்நாட்டு அளவிலும் இந்திய அளவிலும் நடந்தவை மனத்தில் இருக்க வேண்டும். கூட்டுறவிலிருந்து தொடங்குவது முறை. 1962-இல் சீனப் போரை ஒட்டி விலைவாசி ஏறியபோது, நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலைகளை நாடெங்கும் நிறுவ மத்திய அரசு திட்டம் வகுத்தது. கோவைக்கும் திருச்சிக்கும் சிந்தாமணி வாய்த்ததுபோல மதுரைக்குப் பாண்டியன் கூட்டுறவு சிறப்பங்காடி வாய்த்தது. தனியார் சங்கிலிக் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அது பெரிய குறை. பொட்டலமிட்ட சாமானைத் தட்டிலிருந்து தாமே எடுத்து, ஓரிடத்தில் பில் போட்டு வாங்கும் பழக்கத்தை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் கூட்டுறவுக் கடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அதன்பின் 1996-இல் ஆர்.பி.ஜி. குழுமம் சென்னையில் ஃபுட்வேர்ல்டு சூப்பர் மார்க்கெட்டைத் தொடங்கியது. 1997-இல் திருவான்மியூரில் ஒரே கடையாகத் தொடங்கிய சுபிக்ஷா, குளிர்சாதனமும் அலங்காரமும் இல்லாத சிறிய கடைகளில் விலையைக் குறைத்து விற்பது என்ற வழியில் வளர்ந்து, நாடு முழுவதும் ஏறத்தாழ 1,600 கடைகள்வரை சென்றது. கடன் வாங்கி மிக வேகமாக விரிந்ததில் கைப்பணம் வற்றி, வாடகையும் சம்பளமும் நின்று, 2009-இன் தொடக்கத்தில் அத்தனை கடைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடங்கின. ரிலையன்ஸ் ஃப்ரெஷ் 2006-இன் இறுதியில் ஐதராபாத்தில் தொடங்கியது. ஆதித்ய பிர்லா குழுமம் திரிநேத்ரா கடைகளை விலைக்கு வாங்கி, 2007-இல் ‘மோர்’ என்ற பெயரைக் கொண்டுவந்தது. ஆகவே 2006 முதல் 2009 வரையிலான காலம் ஒரே நேரத்தில் பலர் நுழைந்ததும் ஒருவர் வீழ்ந்ததுமான காலம். ஒரு கட்டடத்தில் அந்த ஆண்டுகளில் கடை மாறியிருந்தால் அதைக் கூடுதல் கவனத்தோடு விசாரியுங்கள்.

அடுத்த அலையில் கடைகள் மூடுவதைவிடக் கை மாறுவது அதிகம். இங்கேதான் நிறுவனமே விற்கப்படுவதையும் இடம் மட்டும் கை மாறுவதையும் பிரித்தறிய வேண்டும். கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோரை 29 கடைகளோடு ரிலையன்ஸ் ரீடெய்ல் 152.5 கோடி ரூபாய்க்கு வாங்கியதாக 2020-இல் செய்தி வெளியானது. அங்கே வாங்கப்பட்டது நிறுவனமே. மோர் நிறுவனத்தை ஆதித்ய பிர்லா குழுமம், சமாரா கேப்பிட்டலும் அமேசானும் முதலிட்ட நிறுவனத்துக்கு விற்க 2018-இல் ஒப்பந்தம் ஆனது. உரிமையாளர் மாறினார், வாசலில் ‘மோர்’ என்ற பெயர் மாறவில்லை. பிக் பஜாரின் கதை வேறு. ஃபியூச்சர் குழுமத்தால் வாடகை கட்ட முடியாமற்போன கடைகளின் குத்தகையை ரிலையன்ஸ் முன்பே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரியில் அந்த இடங்களைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, பிறகு ஸ்மார்ட் பஜார் என்று பெயரிட்டது. முதலிரண்டில் நிறுவனம் விற்கப்பட்டது; மூன்றாவதில் இடம் மட்டும் கை மாறியது. உங்கள் ஏட்டில் ‘புதிய கடை’, ‘உரிமை மாற்றம்’, ‘இடம் மட்டும் கைமாற்றம்’ என்று மூன்று வகைக்கும் மூன்று நிற மையை வைத்துக்கொண்டால் பிற்பாடு குழப்பம் வராது.

பில்லைப் படிக்கும் முறை

ஒரு சிறிய பில்லில் அடங்கியிருக்கும் செய்தியைப் பலர் உணர்வதில்லை. ஜி.எஸ்.டி. எண்ணில் பதினைந்து இடங்கள் உண்டு. முதல் இரண்டு மாநிலத்தின் குறி, தமிழ்நாட்டுக்கு 33. மூன்றாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடம்வரை வருவது உரிமையாளரின் பான் எண். ஆறாம் இடத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்: ‘சி’ என்றால் கம்பெனி, ‘எஃப்’ என்றால் கூட்டு வணிகம், ‘பி’ என்றால் தனிநபர். வில்லாபுரத்தில் ஒரு பெயரிலும் ஆனையூரில் வேறொரு பெயரிலும் இயங்கும் இரண்டு கடைகளின் பில்களில் அந்தப் பத்து இடங்களும் ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒருவருடையவை என்று உறுதியாக எழுதலாம். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால், சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், பதிவான நாள், பதிவு நடப்பில் உள்ளதா ரத்தானதா என்பவை கட்டணமின்றித் தெரியும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். பதிவான நாள் 01-07-2017 என்று இருந்தால் அது கடை திறந்த நாளைக் குறிக்காது, ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த நாள் அது, முன்பிருந்த கடைகள் எல்லாம் அந்த நாளில் மாற்றிப் பதியப்பட்டவை. மேலும், மேலே சொன்னபடி பங்குகளை விற்று நிறுவனமே கை மாறியிருந்தால், பான் எண் மாறாது. எனவே பில் பழைய கதையையே சொல்லும். அப்போது வாங்கிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் துணை நிறுவனங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

ஒரே மாநிலத்தில் உள்ள கிளைகள் பெரும்பாலும் ஒரே ஜி.எஸ்.டி. எண்ணில் இயங்குவதால், கிளையைத் தனித்து அடையாளம் காண உணவுப் பாதுகாப்பு உரிம எண்தான் துணை. அது பதினான்கு இலக்கம் கொண்டது. 2022 ஜனவரி முதல் பில்லில் அச்சிடப்பட வேண்டியது. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக வழங்கப்படுவது. அதன் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வணிகருக்கான பதிவு. அடுத்த இரண்டு மாநிலம். நான்காம் ஐந்தாம் இலக்கங்கள் அந்த எண் வழங்கப்பட்ட ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். அங்கே 19 என்று இருந்தால் அந்த இடத்துக்கான எண் 2019-இல் கிடைத்தது என்று கொள்ளலாம். உரிமம் காலாவதியாகிப் புதிதாக வாங்கியிருந்தாலும் ஆண்டு மாறிவிடும் என்பதால், இதை ‘இந்த ஆண்டிலோ அதற்கு முன்போ திறக்கப்பட்டது’ என்ற அளவில் மட்டும் எழுதுங்கள்.

பழைய பில்களைக் காலம் கணிக்கவும் வரி எண்ணே உதவும். டி.என்.ஜி.எஸ்.டி. (பழைய தமிழ்நாடு பொது விற்பனை வரி) எண் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 2007-க்கு முந்தியது. டின் எண் (மதிப்புக் கூட்டு வரிக்கான வணிகர் எண்) இருந்தால், அந்த வரி தமிழ்நாட்டில் நடப்புக்கு வந்த 2007 ஜனவரிக்கும் 2017 ஜூனுக்கும் இடைப்பட்டது. இப்போதைய பில் தாள் வெப்பத்தில் எழுத்து விழும் வகை. சில மாதங்களில் வெளுத்துப்போகும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம். வாங்கிய அன்றே படமெடுத்து, முகவரிப் பக்கத்தின் எண்ணையே படத்துக்கும் பெயராக வையுங்கள்.

பில் கிடைக்காத காலத்துக்கு வீடுகளில் தேட வேண்டும். கடையின் பெயர் அச்சிட்ட துணிப்பைகள் பரணில் கிடக்கும். சுற்றுவட்டாரத்தில் உள்ள அம்மாக்களைக் கேட்டால், எந்தப் பை எந்தக் கடைத் திறப்புக்குக் கொடுத்தது என்பதுகூட நினைவில் இருக்கும். பையில் அச்சிட்ட தொலைபேசி எண் ஆறு இலக்கமாக இருந்தால், அது எண்கள் ஏழு இலக்கமாவதற்கு முந்தியது. கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் கேரிபேக் கூட ஒரு சான்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை.

திறப்பு எளிது, மூடலே கடினம்

கடை திறக்கும்போது நாளிதழில் விளம்பரம் வரும். முதல் நாள் சலுகை அறிவிப்பு, கிளைகளின் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். மதுரைப் பதிப்புகளின் பழைய இதழ்களைச் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்திலும், 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய வாரங்களின் இதழ்களை முதலில் புரட்டுவது பயனளிக்கும். ஏனென்றால் பண்டிகை விளம்பரத்தில் அப்போது இயங்கிய எல்லாக் கிளைகளையும் போடுவார்கள். ஓர் ஆண்டின் தீபாவளிப் பட்டியலில் இருந்த கிளை அடுத்த ஆண்டின் பட்டியலில் இல்லையென்றால், அது மூடப்பட்ட காலத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் அடக்கிவிடலாம்.

மூடலுக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. அதை அறிய அக்கம்பக்கத்தாரிடம் போக வேண்டும். ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர், இஸ்திரி வண்டிக்காரர், பூ விற்கும் அக்கா, எதிர் டீக்கடைக்காரர் ஆகிய நால்வரும் மேலாளர்களைவிட நன்றாக நினைவு வைத்திருப்பார்கள். கேள்வியை ஆண்டைக் கொண்டு தொடங்கினால் பதில் வராது. “அண்ணே, இந்த இடத்துல முன்னாடி இருந்த கடை எப்ப எடுத்தாங்க?” என்று கேட்டுவிட்டு, “அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேளுங்கள். மாதம் தெளிவாகிவிடும். ஆண்டுக்கும் அழகரே வழிகாட்டுவார்: 2020-இலும் 2021-இலும் ஊரடங்கால் அழகர் வைகையில் இறங்கவில்லை, அந்த இரண்டு ஆண்டுகளை மதுரைக்காரர் எவரும் மறக்கமாட்டார். நோட்டு செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பரும் அதேபோல் பிடிப்பான நினைவு. இவற்றுக்கு முன்பா பின்பா என்று கேட்டால், காலத்தைப் படிப்படியாகச் சுருக்கலாம். இருவர் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போனால் பேனாவிலும், ஒருவர் மட்டும் சொன்னதைப் பென்சிலிலும் எழுதுங்கள். கடை ஊழியர்களின் பெயரை எழுத வேண்டாம். அவர்கள் சொன்னது அவர்கள் வேலைக்கு இடைஞ்சலாகக் கூடாது.

மூடப்போகும் கடையை முன்கூட்டியே அறியவும் வழியுண்டு. காய்கறியும் பாலும் முதலில் குறையும். பிறகு ரேக்கின் முன்வரிசையில் மட்டும் பொருள் நிற்கும், பின்னால் வெற்றிடம் தெரியும். ஒரே பிஸ்கட் பொட்டலம் நான்கு அடிக்கு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பில்லிங் கவுண்டர்களில் ஒன்று மட்டும் இயங்கும். சரக்கு அனுப்புகிறவர்களுக்குப் பணம் போய்ச் சேராதபோது காணும் அறிகுறிகள் இவை. இந்த நிலையில் ஒரு கடையைக் கண்டால் மாதம் ஒருமுறை சென்று வெளியிலிருந்து படமெடுத்து வையுங்கள்.

காரணத்தை எழுதும்போது

ஒரு கடை ஏன் போனது என்று எழுதும்போது மூன்றைச் சோதிக்க வேண்டும்: வாடகை, சாலை, எதிரில் வந்தவர். வாடகையைக் கட்டட உரிமையாளர் சொல்லாவிட்டாலும், ‘வாடகைக்கு’ என்ற பலகை எத்தனை மாதம் தொங்கியது என்பது ஓரளவு சொல்லிவிடும். சாலையைப் பொறுத்தவரை புது நத்தம் ரோடு தனி ஆய்வுக்குரியது. தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம்வரை 7.3 கிலோமீட்டர் நீளப் பறக்கும் பாலம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கட்டுமானம் நடந்த ஆண்டுகளில் வண்டி நிறுத்த இடமில்லாமற்போன கடைகள் எவை, திறந்த பிறகு பாலத்துக்குக் கீழே நின்றவை எவை, பாலம் இறங்கும் முனைக்கு அப்பால் புதிதாக முளைத்தவை எவை என்று மூன்று பட்டியல்களாக எழுதினால், சாலை ஒரு வணிகத்தை எப்படி நகர்த்துகிறது என்பது கண்கூடாகத் தெரியும். இதற்கு ஒரு மாணவர் குழு ஓர் அரையாண்டை ஒதுக்கினாலும் தகும்.

குடும்ப வணிகர்களை விட்டுவிடாதீர்கள். அண்ணன் ஒரு கடை, தம்பி ஒரு கடை, மைத்துனர் ஒரு கடை என்று மூன்று பான் எண்களில் இருந்தாலும், சரக்கை ஒன்றாக வாங்கி ஒரே குடோனிலிருந்து பிரிப்பவர்கள் உண்டு. எண்கள் வேறாக இருந்தாலும் இதை ஒரு சங்கிலியாகக் கொள்வதே சரி. ஏட்டில் ‘உறவுச் சங்கிலி’ என்று குறித்துவிடலாம். பெரிய நிறுவனங்கள் விட்டுப்போன இடங்களை இத்தகையோர் எடுத்து நடத்துகிறார்களா என்று ஒவ்வொரு பக்கத்திலும் பாருங்கள். வட்டாரப் போட்டியின் போக்கைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். மே 5 வணிகர் தினத்தன்று ஒரு சுற்றுப் போய் வருவதும் நல்லது: வணிகர் சங்கங்களைச் சேர்ந்த கடைகள் பல அன்று அடைத்திருக்க, பெரிய நிறுவனக் கடைகள் திறந்திருக்கும், எது எந்தப் பக்கம் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் உள்ளே நுழைய முடியாத, டெலிவரி வண்டிகள் மட்டும் வந்துபோகும் கிடங்குக் கடைகளையும் தனிக் குறியிட்டு எழுதுங்கள்; அவற்றுக்குப் பெயர்ப் பலகை இல்லாததால், இப்போது எழுதாவிட்டால் பிறகு யாராலும் காலம் சொல்ல முடியாது.

கடைசியில் வரைபடம். ஆண்டுக்கு ஒன்று வரைந்தால் பளு கூடும். 2005, 2009, 2017, 2020, 2022, நடப்பாண்டு என ஆறு போதும். முதலாவது பெருநிறுவனங்களின் அலை எழுவதற்கு முந்திய நிலை, இரண்டாவது சுபிக்ஷாவின் முடிவு, மூன்றாவது ஜி.எஸ்.டி., நான்காவது ஊரடங்கு, ஐந்தாவது பிக் பஜாரின் மறைவு. எல்லாவற்றையும் ஒரே அளவில், ஒரே எல்லைக்கோட்டுடன், வைகையையும் மாசி வீதிகளையும் மட்டும் அடையாளமாக வைத்து, ஒளி புகும் தாளில் வரையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். தொடங்குவதற்குக் காளவாசலிலிருந்து பழங்காநத்தம் வரையிலான பைபாஸ் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலையில் ஒரு பக்கமாக நடந்து சென்று, மாலையில் மறுபக்கமாகத் திரும்பி வந்தால், அந்தச் சாலைக்கான முகவரிப் பக்கங்களின் முதல் வரிகளை எழுதி முடித்துவிடலாம்.